டீச்சர் ஏன் குனிந்தே நடக்கிறார்?



கொஞ்சம் நீளமான பதிவு இது. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படியுங்கள். பரீட்சை எதுவும் வைக்கமாட்டேன்.

போன மாதம் வாணியம்பாடியில் நடந்த கல்யாணப் படங்களை யாரோ குரூப்பில் போட்டதிலிருந்து எனக்குச் செய்தி மேல் செய்தி. "டீச்சர், ஏன் எல்லாப் படத்துலயும் தரையையே பார்த்துட்டு இருக்கீங்க?", "யார் மேலயாவது கோபமா டீச்சர்?", "அத்தை, இடுப்பு வலியா? எங்க ஊர்ல எண்ணெய் போட்டு நீவி விடுறவர் ஒருத்தர் இருக்கார்." சின்ன நாத்தனார் போன் போட்டு, "அண்ணி, மனசுல என்ன குறை, சொல்லுங்க" என்று அழுதே விட்டாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இந்த ஒரே பதில். நான் சொல்லச் சொல்ல, போன் தட்டச்சு செய்கிறது. பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்திக்கொள்ளுங்கள்.

எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. மனக்குறையும் இல்லை. எனக்கு இருப்பது பார்க்கின்சன் நோய். 2018-ல் கண்டுபிடித்தார்கள். இந்த நோய் என்றதும் எல்லாருக்கும் கை நடுக்கம்தான் நினைவுக்கு வரும். எனக்கு நடுக்கம் குறைவு. என்னைப் படுத்துவது இந்தக் குனிவுதான். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. உங்களில் பலருடைய அப்பா அம்மாவுக்கு இப்போது என் வயது. அவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன வரலாற்றுப் பாடம். பழக்கம் விடவில்லை.

1817-ல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற டாக்டர் ஒரு சிறிய நூல் எழுதினார். அதில் ஆறு பேரைப் பற்றித்தான் எழுதியிருந்தார். அவர்களில் சிலர் அவர் தெருவில் கவனித்தவர்கள். நடுக்கத்தோடு இன்னொன்றையும் அவர் குறித்துவைத்தார். இவர்களுடைய உடம்பு முன்பக்கம் வளைகிறது. நடக்க ஆரம்பித்தால் நடை தானாக ஓட்டமாக மாறுகிறது என்றார். ஸ்கேன் இல்லாத காலத்தில், வெறும் கண்ணால் பார்த்து எழுதியது. அவர் பிறந்த ஏப்ரல் 11-தான் இன்று உலக பார்க்கின்சன் தினம்.

நம்ம ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இந்த நோய்க்கு முக்கியமான மருந்து லெவோடோபா. வேலியோரம் படர்ந்து கிடக்குமே பூனைக்காலிக் கொடி, தொட்டால் அரிக்கும் என்று சின்ன வயதில் ஓடுவோமே, அதன் விதையில் இந்தப் பொருள் இருக்கிறது. அந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1937-ல் கட்டுரை எழுதியவர்கள் தாமோதரன், ராமசாமி என்ற இருவர், சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில். அது பார்க்கின்சனுக்கு மருந்தாகும் என்று அப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது. 1960-களில்தான் வியன்னாவிலும் நியூயார்க்கிலும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் பூனைக்காலிப் பொடியை வாங்கி என் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். மாத்திரையில் அளவு தெரியும். பொடியில் தெரியாது. இரண்டும் சேர்ந்தால் அளவு மீறும்.

சரி, உடம்பு ஏன் குனிகிறது?

நம் மூளையின் நடுப்பகுதியில் கருமை நிறமான ஒரு சிறு இடம் இருக்கிறது. அங்கே உள்ள செல்கள் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கின்றன. நாம் யோசிக்காமல் செய்கிற அசைவுகள், அதாவது நடக்கும்போது கை வீசுவது, உட்கார்ந்தால் சாயாமல் இருப்பது, கண் இமைப்பது எல்லாம் ஒழுங்காக நடக்க இது வேண்டும். பார்க்கின்சனில் அந்தச் செல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போகின்றன. தசை விறைக்கிறது, அசைவு மெதுவாகிறது. முகத் தசையும் விறைப்பதால் சிரிப்பு வெளியே தெரிவதில்லை. கல்யாணப் படத்தில் நீங்கள் பார்த்த "கோபம்" அதுதான். உள்ளே நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

குனிவு மட்டும் ஒரே காரணத்தால் வருவதில்லை. முன்பக்கத் தசைகளின் இறுக்கம், முதுகைத் தூக்கிப் பிடிக்கும் தசைகளின் தளர்ச்சி, எது நேர் என்று சொல்கிற மூளையின் கணக்கே மாறிப்போவது என்று பல காரணங்களை டாக்டர்கள் சொல்கிறார்கள். சிலருக்கு இடுப்பிலிருந்து மொத்த உடம்பும் முன்னால் மடங்குகிறது. சிலருக்குக் கழுத்து மட்டும் தொங்கி, தாடை நெஞ்சில் இடிக்கிறது. சிலர் ஒரு பக்கமாகச் சாய்கிறார்கள். இத்தாலியில் பைசா நகரத்தில் சாய்ந்த கோபுரம் என்று பாடப்புத்தகத்தில் படம் பார்த்தோமே, அந்தச் சாய்வுக்கு மருத்துவர்கள் அந்த ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். எனக்கு முன்பக்கக் குனிவும் உண்டு, வலப்பக்கம் கொஞ்சம் பைசாவும் உண்டு.

ஆரம்பத்தில் ஒரு கிளினிக்கில் இதை எலும்புத் தேய்மானம் என்று சொல்லி, இடுப்புக்குப் பெல்ட் கொடுத்து அனுப்பினார்கள். எட்டு மாதம் கட்டினேன். பிறகு வேறு ஒரு டாக்டர் என்னைக் கட்டிலில் மல்லாந்து படுக்கச் சொன்னார். படுத்ததும் முதுகு தட்டையாக நேராகிவிட்டது. "எலும்பே வளைந்திருந்தால் படுத்தாலும் வளைவு போகாது. இது நிற்கும்போது வருகிறது, படுத்தால் போகிறது" என்றார். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது குனிய ஆரம்பித்தால் இதைக் கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் இருப்பது, கையெழுத்து வரவர சிறியதாவது, குரல் இறங்குவது, வாசனை தெரியாமல் போவது, இவற்றையும் சொல்லுங்கள். அவர்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் கொண்டுபோங்கள். தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் மனநோய்க்கும் கொடுக்கிற சில மருந்துகளே இப்படி உடம்பை விறைக்கவும் சாய்க்கவும் செய்யும். அப்படியானால் டாக்டர் மருந்தை மாற்றுவார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மாத்திரை தொடங்கியதும் என் கை லேசானது, நடை வேகமானது. தோசை திருப்ப முடிந்தது. ஆனால் குனிவு அவ்வளவாக அசையவில்லை. இது எனக்கு மட்டும் இல்லை, பலருக்கும் அப்படித்தான் என்றார்கள். மாத்திரை மட்டும் போதாது, பயிற்சி வேண்டும் என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள்.

அங்கே முதல் நாள் அந்தப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும், "அம்மா, கண்ணை மூடிட்டு நேரா நில்லுங்க" என்றாள். நின்றேன். 34 வருடம் பிரேயரில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியவள், எனக்கா தெரியாது? தூண் மாதிரி நிற்கிறேன் என்றுதான் தோன்றியது. பக்கவாட்டில் நின்று போனில் படம் எடுத்துக் காட்டினாள். அதில் இருந்த பெண் தரையில் தொலைந்த மூக்குத்தியைத் தேடுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது. கொத்தனார் சுவர் எழுப்பும்போது தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பார் இல்லையா? அந்த மாதிரி ஒரு தூக்குக்குண்டு நம் எல்லாருடைய மூளையிலும் இருக்கிறது. என் தூக்குக்குண்டு கோணலாகிவிட்டது. சுவர் சாய்ந்திருப்பது கொத்தனாருக்கே தெரியாது. அவருடைய குண்டு, நேர் என்று சொல்கிறது. அப்புறம் அவரை "நேரா கட்டு, நேரா கட்டு" என்று திட்டினால் என்ன செய்வார்?

எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. என் வீட்டுக்காரர் என் மேல் உள்ள அக்கறையில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை "நிமிரு" என்பார். காபி டம்ளரை எடுத்தால் "நிமிரு". துணி மடித்தால் "நிமிரு". நானும் நிமிர்வேன், நாலு விநாடியில் பழையபடி ஆகிவிடும். அவருக்கு நான் அசட்டையாக இருக்கிறேன் என்று வருத்தம். எனக்கு அவர் பள்ளிக்கூடம் நடத்துகிறார் என்று எரிச்சல். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிற அளவுக்குச் சண்டை. நோயை விட இந்த ஒரு வார்த்தைதான் எங்கள் இரண்டு பேரையும் அதிகமாகப் பிரித்தது.

பிசியோதெரபிப் பெண் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அப்பா, 'நிமிருங்க'ன்னு சொல்லாதீங்க. உள்ளே இருக்கிற அளவுகோல் கெட்டுப்போச்சு. அதனால வெளியே ஒரு அளவுகோல் கொடுங்க. 'வாசல் நிலையோட மேல்கட்டையைப் பாரு'ன்னு சொல்லுங்க." பார்க்கின்சனில் தானாக நடக்கிற அசைவுதான் முதலில் கெடுகிறது. வெளியே ஒரு குறியைப் பார்த்து, வேண்டும் என்றே செய்கிற அசைவுக்கு மூளையில் வேறு வழி இருக்கிறது. அந்த வழி கொஞ்சம் நன்றாகவே இருக்கிறது.

இந்தப் பதிவில் நீங்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும் என்றால் இதை வையுங்கள். குனிந்திருப்பவருக்குக் கட்டளை உதவாது, குறி உதவும்.

அன்று முதல் வீட்டையே மாற்றினோம். தினசரி காலண்டரை என் வீட்டுக்காரர் ஒரு அடி மேலே மாட்டினார். காலையில் தேதித்தாள் கிழிக்க வேண்டுமானால் நான் தலையைத் தூக்கியே ஆக வேண்டும். கூடத்தில் ஆளுயரக் கண்ணாடி வந்தது. அதன் நடுவில் மேலிருந்து கீழே ஒரு கறுப்பு டேப். என் மூக்கும் தொப்புளும் அந்தக் கோட்டில் விழுகிறதா என்று பார்ப்பேன். பைசா கோபுரத்தை நிமிர்த்த அதுதான் வழி. டிவியை உயர்த்தினோம். போனைக் கண் உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டில் வைத்தோம். காலையும் மாலையும் சுவரில் குதிகால், பிட்டம், தோள், முடிந்தால் பின்தலை ஒட்டும்படி நின்று பத்து மூச்சு. தலையணை இல்லாமல் மல்லாந்து பத்து நிமிடம். குப்புறப் படுத்து முழங்கை ஊன்றி, பாம்பு மாதிரி நெஞ்சைத் தூக்குவது. கதவு நிலையில் இரண்டு கையையும் வைத்து நெஞ்சை முன்னே தள்ளுவது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முதுகில் தாழ்வாகத் தொங்கும் பை மாட்டினால் சிலருக்கு உடம்பு பின்னால் இழுபட்டு நேராகிறது. எனக்கும் போட்டுப் பார்த்தார்கள். பேரனுடைய பழைய ஸ்கூல் பையில் ஒரு கிலோ துவரம்பருப்பு பாக்கெட். 67 வயதில் பை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தேன். பக்கத்து வீட்டுச் சின்னப் பையன் "டீச்சர், எந்த கிளாஸ்?" என்று கேட்டான். ஆனால் இதை நீங்களாகச் செய்யாதீர்கள். எலும்பு பலவீனமாக இருந்தால் கெடுதல். பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்ல வேண்டும். கைத்தடியும் அப்படித்தான். குட்டையான தடி ஆளை இன்னும் குனியவைக்கும்.

அடுத்து நடை. உடம்பு முன்னால் சாயும்போது பாரம் கால் விரலுக்கு முன்னே போய்விடுகிறது. விழாமல் இருக்க, கால் சின்னச் சின்ன அடியாக அந்தப் பாரத்தைத் துரத்துகிறது. பார்க்கின்சன் சொன்ன "நடை ஓட்டமாவது" இதுதான். சில சமயம் நேர்மாறாக, வாசற்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும். அப்போது பின்னாலிருந்து தள்ளினாலோ முன்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்தாலோ, கால் வராது, உடம்பு மட்டும் வரும். போன வருடம் ஆடி மாதம் அப்படித்தான் ஒரு வீட்டு வாசலில் விழுந்தேன். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அதற்குப் பிறகு வந்த பயம்தான் பெரிய நோய். நாலைந்து மாதம் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. "அக்கா வேணும்னே வரல" என்று பேச்சு வந்ததும் காதில் விழுந்தது.

இதற்கும் வெளியே ஒரு குறிதான் மருந்து. எங்கள் வீட்டு வாசல்களில் தரையில் மஞ்சள் டேப் பட்டை பட்டையாக ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பேரப்பிள்ளைகள் விளையாட என்று நினைத்திருப்பீர்கள். அது எனக்கு. வெறும் தரையில் நின்றுபோகிற கால், கோட்டைக் கண்டால் தாண்டுகிறது. கோடு இல்லாத இடத்தில் தாளம். நான் இரண்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு நடக்கிறேன். ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு, ஒரு வரிக்கு இரண்டு அடி. தெரிந்த வாய்ப்பாடாக இருக்க வேண்டும். ஒருநாள் ஆசையில் பதினேழாம் வாய்ப்பாட்டை எடுத்தேன், மூன்றாவது வரியில் கால் நின்றுவிட்டது. மூளைக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை கொடுக்கக் கூடாது என்பது பாடம். அதனால்தான் நடக்கும்போது நீங்கள் கேட்கிற கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. நின்ற பிறகு சொல்வேன்.

இனி செருப்பு விஷயம். ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். நோய் என்னவென்று டாக்டர் சொல்வதற்கு முன்பே, என்னிடம் படித்து இப்போது ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவில் இருக்கும் ஒரு மாணவர், வாசலில் கழற்றிவைத்த என் செருப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், முன்பக்கம் மட்டும் தேய்ஞ்சிருக்கு, குதிகால் புதுசா இருக்கு. என்ன, நீங்க விரல்லயே நடக்கறீங்களா?" என்று கேட்டார். குதிகால் தரையைத் தொடுவதே குறைந்திருக்கிறது. செருப்புக்கு அது முதலில் தெரிந்துவிட்டது. பிற்பாடு அவரே தன் கையால் ஒரு ஜோடி செய்துகொண்டு வந்தார். பின்னால் மூடியது, லேஸ் இல்லை, வெல்குரோ. எடை குறைவு. முனையில் டோ ஸ்பிரிங் கொஞ்சம் தூக்கலாக. அடிப்பாகம் முன்பக்கம் அதிகம் பிடிக்காத சோல். காலை இழுத்து நடப்பவருக்கு நல்ல பிடிமானமுள்ள ரப்பர் சோல்தான் ஆபத்து. சோல் நின்றுவிடும், ஆள் போய்விடுவார். பின்பக்கம் திறந்த ஸ்லிப்பரும் வேண்டாம். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், தொழில் தெரிந்த உங்கள் கையால் இதைச் செய்து கொடுங்கள்.

உடம்புக்கு ஏற்றபடி பொருளை மாற்றுவது நம்ம வேலூர்ப் பக்கத்தின் பழைய வழக்கம். தொழுநோயால் பாதத்தில் உணர்ச்சி போனவர்களுக்குப் புண் வராமல் இருக்க, மைக்ரோசெல்லுலார் ரப்பர் வைத்த செருப்பு உருவானது டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் சி.எம்.சி.யிலும் கரிகிரியிலும் செய்த வேலையில்தான். அவரிடம் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவை இழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் முயற்சியால் 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் எழுந்து நடக்கவே இல்லை. ஆனால் அவரால் எத்தனையோ பேர் எழுந்தார்கள். மணிக்கட்டில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஆறு வாரத்தில் நான் அதிகம் நினைத்தது அவரைத்தான். பழைய உடம்பு திரும்பி வந்தால்தான் வேலை செய்வேன் என்று அவர் காத்திருந்தால் அந்தக் கட்டிடம் இருந்திருக்காது.

இன்னும் இரண்டு பேரைச் சொல்கிறேன். குத்துச்சண்டை வீரர் முகமது அலி 1980-ல் சென்னைக்கு வந்தார். ஆம்பூர்க்காரர்களுக்கு அவர் எப்படிப்பட்ட ஹீரோ என்று நான் சொல்லத் தேவையில்லை. நாலு வருடத்தில் அவருக்குப் பார்க்கின்சன் என்று தெரிந்தது. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையால் அவர் தீபம் ஏற்றியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். போப் இரண்டாம் ஜான் பால் 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தபோது நிமிர்ந்த ஆள். கடைசி வருடங்களில் அவர் முதுகு வளைந்து, தலை தாழ்ந்து, உலகமே பார்க்க உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் அந்த உடம்போடு மக்கள் முன்னால் வந்தார்கள். நானும் வாணியம்பாடி கல்யாணத்துக்கு வந்தேன். அவ்வளவுதான்.

முடிவாக, என்னோடு பழகுகிறவர்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

1. "நிமிருங்க" என்று சொல்லாதீர்கள். "டீச்சர், அந்த ஃபேனைப் பாருங்க" என்று சொல்லுங்கள்.

2. நான் நடக்கும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பக்கத்தில் நின்று உங்கள் முழங்கையைக் கொடுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன். நின்றுபோனால் அவசரப்படுத்தாதீர்கள். இரண்டு பக்கமும் மெல்ல அசைந்துவிட்டு நானே கிளம்புவேன். திரும்பும்போது அகலமாகச் சுற்றித் திரும்புவேன், வழி விடுங்கள்.

3. விசேஷ வீட்டில் கைப்பிடி உள்ள உயரமான நாற்காலி ஒன்று போதும். லேசான பிளாஸ்டிக் நாற்காலி என்னோடு சேர்ந்து சாய்கிறது.

4. சாப்பாட்டை நான் தள்ளிப்போட்டால் கோபம் என்று நினைக்காதீர்கள். லெவோடோபாவும் புரதமும் குடலில் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். கறி அதிகமுள்ள ஆம்பூர் பிரியாணியை மாத்திரையோடு சாப்பிட்டால், பிரியாணி உள்ளே போகும், மாத்திரை வாசலில் நிற்கும். அதனால் மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் இலையில் உட்காருவேன். பிரியாணியை விடமாட்டேன், கவலை வேண்டாம்.

5. ஆசீர்வாதம் வாங்க என் காலில் விழாதீர்கள். உங்களைத் தூக்க நான் குனிந்தால் நிமிர ஆளைக் கூப்பிட வேண்டும்.

6. இதுதான் முக்கியமானது. குனிவில் நான் இழந்தது உயரம் இல்லை, உங்கள் முகங்கள். கூட்டத்தில் எனக்கு முதலில் தெரிவது செருப்பும் ஷூவும்தான். யார் கம்பெனி ஷூ, யார் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வருகிறார், யாருக்குப் புதுக் கொலுசு என்று சொல்லிவிடுவேன். முகம் தெரிய நான் பெரும்பாடு பட வேண்டும். அதனால் என்னிடம் பேச வந்தால் நின்றுகொண்டு பேசாதீர்கள். எதிரில் ஒரு ஸ்டூல் போட்டு, என்னை விடக் கொஞ்சம் தாழ்வாக உட்காருங்கள். பெயரைச் சொல்லுங்கள், எந்த வருட பேட்ச் என்று சொல்லுங்கள். என் குரல் சிறியது, காதைக் கொடுங்கள். என் முகம் சிரிக்காவிட்டாலும் நான் சிரிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நோய் குணமாகாது. மாதாமாதம் முதல் தேதி என் வீட்டுக்காரர் ஒரு நூலில் சாவிக்கொத்தைக் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் என்னை நிறுத்திப் படம் எடுக்கிறார். இரண்டு வருடப் படங்களை வரிசையாக வைத்தால் வளைவு கொஞ்சம் கூடியிருப்பது தெரிகிறது. பயிற்சி செய்யாவிட்டால் இன்னும் கூடியிருக்கும் என்று பிசியோதெரபிப் பெண் சொல்கிறாள். நம்புகிறேன். நூலுக்கும் என் காதுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் இப்போது என் ரேங்க் கார்டு.

மாலை நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரம். அந்த நேரத்தில் வீட்டுக்கு வாருங்கள். ஸ்டூல் கூடத்திலேயே இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர், ஆம்பூர்